உடலின் முதற்காவல்

(லாயாங் லாயாங் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையோரம் அமைந்துள்ள லாயாங் லாயாங், தோட்டங்களால் சூழப்பட்ட ஊராகும். முன்னாளில் பால்மரக் காடுகளிலும் பின்னாளில் செம்பனைத் தோப்புகளிலும் உழைத்து வாழ்ந்த பெரியவர்களுக்கு 'ஜாகா' என்னும் சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஊர் உறங்கும் வேளையில் கையில் விளக்கும் தடியுமாக ஆலையையும் ஸ்டோரையும் லயங்களையும் சுற்றிவந்த காவற்காரரே ஜாகா. அவருக்குத் திருடனின் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. ஆயினும், பூட்டிய ஸ்டோருக்குள் நள்ளிரவில் வெளிச்சம் தெரிந்தால், அங்கே இருக்கத் தகாத ஒன்று நுழைந்துவிட்டது என்பதை அவர் அறிவார். உடனே குரல் எழுப்புவார். லயத்து மக்கள் விழித்துக் கதவுகளை அடைப்பார்கள். போலீசார் வந்து சேரும்வரை திருடன் மேலும் முன்னேறாதவாறு அவர் தடுத்து நிற்பார்.

மனித உடலுக்குள்ளும் இத்தகைய ஜாகா ஒருவர் உண்டு. மருத்துவ அறிஞர்கள் அதனை இயற்கைத் தடுப்பாற்றல் என்பர். அது பிறக்கும்போதே உடன் வருவது. நோய்க்கிருமி நுழைந்த சில மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கிவிடும். போலீசாரைப் போன்ற இன்னொரு படையும் உடலில் உண்டு. குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருளைச் செய்து, அக்கிருமியைப் பல்லாண்டுகள் நினைவில் வைத்திருக்கும் படை அது. தடுப்பூசி பயிற்றுவிப்பது அந்தப் படையைத்தான். ஆனால், புதிய கிருமி ஒன்று வந்தால் அப்படை ஆயத்தமாவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த ஒரு வாரம் உடலைக் காப்பது யார்? ஜாகாதான். அவர் விழித்திருந்தால் நோயாளி பிழைக்கிறார். அவர் வாயை யாரேனும் கட்டிவிட்டால் என்ன நேரும் என்பதை மலேசிய நாடு 1998, 1999ஆம் ஆண்டுகளில் கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

பெயர் தெரியாத நோய்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்களிடையே ஒரு காய்ச்சல் தோன்றியது. முதலில் தலைவலியும் உடல்வலியும் வந்தன. பின்னர் நினைவு தடுமாறியது. சிலர் சில நாள்களிலேயே ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்ந்தனர். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது முதலில் கருதப்பட்டது. நோயாளிகள் சிலரின் இரத்தப் பரிசோதனையும் அவ்வாறே காட்டியது. எனவே கொசு மருந்து புகைக்கப்பட்டது. மக்களுக்குத் தடுப்பூசியும் போடப்பட்டது.

ஆயினும் நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இதுவோ உடல் வலிமையுள்ள ஆண்களைத் தாக்கியது. கொசு யாரையும் கடிக்கும். இந்நோயோ பன்றிகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்தவர்களையே நாடியது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். பண்ணைகளில் மனிதருக்கு முன்பே பன்றிகள் உரத்த இருமலோடு நோயுற்றிருந்தன. அப்பன்றிகள் விற்பனைக்காக லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டபோது, நோயும் அவற்றோடு பயணம் செய்து நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிக்காமாட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய இடங்களை அடைந்தது.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நிபுணர் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த திரவத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களின்மீது இட்டுப் பார்த்தார். அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய திரள்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அவ்வாறு செய்வதில்லை. அவர் அம்மாதிரிகளை அமெரிக்காவிற்கு எடுத்துச் சென்று, அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்ணோக்கியின் வழியாகக் காணச் செய்தார். உலகம் அதுவரை அறிந்திராத நச்சுயிரி ஒன்று அங்கே தென்பட்டது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு 'நிபா' என்று பெயரிடப்பட்டது.

அதன்பின் நடவடிக்கைகள் விரைந்தன. இராணுவத்தினரும் ஈடுபடுத்தப்பட்டு, ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் அடங்கிற்று. ஆயினும் மலேசியாவில் அதற்கு ஆளான 265 பேரில் 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று, ஒருவர் உயிரிழந்தார். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அப்பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இந்தியரும் அவர்களோடு பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ ஐவரில் இருவரைக் கொன்ற நோய் அது. உடலின் காவற்காரர் அவ்வளவு எளிதில் தோற்றது ஏன்? அதனை அறிய வேண்டுமானால், அவர் எவ்வாறு காவல் புரிகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மதிலும் வாயிலும்

நச்சுயிரி என்பது முழுமையான உயிர் அன்று. தன்னைப் போன்ற படிகளைச் செய்துகொள்வதற்கான குறிப்பேடு ஒன்றும், அதனைச் சுற்றிய உறையுமே அதன் உடைமை. உண்பதற்கும் வளர்வதற்கும் அதற்கு வகையில்லை. அது ஓர் உயிரணுவிற்குள் புகுந்து, அவ்வுயிரணுவின் பட்டறையைக் கைப்பற்றித் தன்னையே ஆயிரக்கணக்கில் அச்சிட்டுக்கொள்கிறது.

எனவே முதல் பாதுகாப்பு, உள்ளே விடாமையே. தோல் உடலின் மதில். மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள சளி, வந்த தூசியையும் கிருமியையும் ஒட்டிக்கொள்கிறது. அங்குள்ள கண்ணுக்குப் புலப்படாத மென்மயிர்கள் அச்சளியை ஓயாது மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. இரைப்பையின் அமிலம் விழுங்கப்பட்ட கிருமிகள் பலவற்றை அழிக்கிறது. சிகரெட்டுப் புகை அம்மென்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. புகைப்பவர் தம் வீட்டு மதிலைத் தாமே இடிப்பவர் ஆவார்.

மதிலைத் தாண்டி வந்தவற்றை விழுங்குவதற்கென்று சில வெள்ளணுக்கள் உள்ளன. இவற்றின் பணியை முதன்முதலில் கண்டவர் இரஷ்ய அறிஞர் இலியா மெச்னிகோவ். 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் அவர் ரோஜா முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, நகரும் அணுக்கள் பல அம்முட்களைச் சூழ்ந்து நின்றன. யாரும் கற்றுக்கொடுக்காமலேயே அந்நியப் பொருளைச் சூழ்ந்து தாக்கும் படை ஒன்று உயிர்களிடம் உண்டு என்பது அன்று விளங்கியது. அப்பணிக்காக அவருக்கு 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காவற்காரர் எதைப் பார்க்கிறார்?

ஆயினும் ஒரு கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது. முன்பின் கண்டிராத கிருமியை உடல் எவ்வாறு அந்நியன் என அறிகிறது? 1989ஆம் ஆண்டு, அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார். காவற்காரர் ஒவ்வொரு திருடனின் முகத்தையும் மனனம் செய்வதில்லை. கிருமிகள் பலவற்றிற்கும் பொதுவான, ஆனால் மனித உடலில் இல்லாத அடையாளங்களையே அவர் தேடுகிறார் என்பதே அக்கருத்து. 1996ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஜூல்ஸ் ஹோஃப்மன் குழுவினர் பழ ஈயிலும், 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் எலியிலும் இத்தகைய உணர்விகளைக் கண்டறிந்தனர். இருவரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நச்சுயிரியைப் பொறுத்தவரை, உணர்விகள் தேடுவது அதன் குறிப்பேட்டைத்தான். மனித உயிரணுவின் முதன்மைக் குறிப்பேடாகிய டிஎன்ஏ, உட்கரு என்னும் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து எழுதப்படும் ஆர்என்ஏ என்னும் வேலைச் சீட்டுகள் மட்டுமே வெளியே வருகின்றன. வெளியே வரும் ஒவ்வொரு சீட்டின் முனையிலும் ஒரு மூடி, முத்திரை போல் பொருத்தப்படுகிறது. நச்சுயிரிகள் பலவற்றின் சீட்டிலோ அம்முத்திரை இருப்பதில்லை. மேலும், அது படியெடுக்கப்படும்போது இரட்டை இழையாகச் சேர்ந்து கிடப்பதும் உண்டு. முத்திரையற்ற முனையையும் இரட்டை இழையையும் 'ரிக்-ஐ' என்னும் உணர்வி கண்டுபிடிக்கிறது. நீண்ட இரட்டை இழைகளை 'எம்டிஏ-5' என்னும் வேறோர் உணர்வி பார்க்கிறது. பூட்டிய அறைக்கு வெளியே டிஎன்ஏ தென்பட்டால், அதனைப் பிடிப்பதற்கு 'சிகேஸ்' என்னும் மற்றோர் உணர்வி உள்ளது.

முத்திரையில்லாச் சீட்டு, தகாத இடத்தில் கிடக்கும் குறிப்பேடு என இவையே அடையாளங்கள். நள்ளிரவில் ஸ்டோருக்குள் தெரிந்த வெளிச்சத்தைக் கண்டு ஜாகா ஐயுற்றதும் இவ்வாறே அன்றோ?

அபாயக் குரல்

திருடன் உள்ளே இருப்பதை அறிந்தவுடன், தாக்கப்பட்ட உயிரணு ஒரு பொருளைச் செய்து வெளியே அனுப்புகிறது. அதற்கு 'இன்டர்பெரான்' என்று பெயர். 1957ஆம் ஆண்டு, இலண்டன் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில், அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்தனர். வெப்பத்தினால் செயலிழக்கச் செய்த சளிக்காய்ச்சல் நச்சுயிரியை, கோழிமுட்டைச் சவ்வின் துண்டுகளோடு அவர்கள் சேர்த்து வைத்தனர். பின்னர் அத்திரவத்தை எடுத்துப் புதிய சவ்வுகளின்மீது இட்டனர். உயிருள்ள நச்சுயிரியால் அப்புதிய சவ்வுகளில் நன்கு பெருக இயலவில்லை. நோயைத் தடுத்துக் குறுக்கிடும் பொருள் ஒன்று திரவத்தில் இருந்ததை அவர்கள் உணர்ந்தனர்.

இன்டர்பெரான் நச்சுயிரியைத் தானே கொல்வதில்லை. அது ஓர் அபாயக் குரல். அக்குரல் அண்டை உயிரணுவின் வாயிலில் உள்ள செவியில் விழுந்ததும், 'ஸ்டாட்' எனப்படும் தூதுவர்கள் உட்கருவிற்குள் விரைந்து செய்தி சொல்கின்றனர். உடனே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்து வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்களில் ஒருவகை, நச்சுயிரி உள்ளே நுழையும் வழியை அடைக்கிறது. இன்னொருவகை, நச்சுயிரியின் சீட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மற்றொருவகை, பட்டறையையே நிறுத்திவிடுகிறது. பட்டறை நின்றால் உயிரணுவிற்கும் இழப்புத்தான்; ஆயினும் திருடனுக்கு அச்சிட இடம் கிடைக்காது.

இதற்குள், இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் சுற்றுக் காவலுக்குப் புறப்படுகின்றன. ஒவ்வோர் உயிரணுவும் தன் மேற்பரப்பில் அடையாள அட்டை போன்ற ஒரு புரதத்தைக் காட்டி நிற்க வேண்டும். நச்சுயிரிகள் சில, போலீஸ் படையின் கண்ணுக்குத் தப்புவதற்காக அவ்வட்டையை மறைத்துவிடுகின்றன. அட்டை இல்லாமையையே குற்றமாகக் கொண்டு, கொல்லி அணுக்கள் அவ்வுயிரணுவை அழிக்கின்றன. ஒரு கண்ணுக்குத் தப்பினால் மறு கண்ணில் அகப்படுமாறு அமைந்த ஏற்பாடு இது.

காய்ச்சலும் உடல்வலியும் சோர்வும் பெரும்பாலும் இந்தக் காவற்பணியின் விளைவுகளே. வெள்ளணுக்கள் அனுப்பும் செய்திகள் மூளையை எட்டி, உடல்வெப்பத்தை உயர்த்துகின்றன. முன்னாளில் கல்லீரல் அழற்சிக்காக இன்டர்பெரான் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு, சளிக்காய்ச்சல் இல்லாமலேயே அதே காய்ச்சலும் குளிரும் வலியும் உண்டாயின. வலிப்பது திருடனின் அடி மட்டுமன்று. காவற்காரர் ஓடும் ஓட்டமும்தான்.

நிபா செய்த சூழ்ச்சி

இப்பொழுது சுங்கை நிப்பாவிற்குத் திரும்பிச் செல்லலாம். நிபா நச்சுயிரி ஒரே மரபணுவிலிருந்து சூழ்ச்சிப் புரதங்கள் பலவற்றைச் செய்கிறது. அவற்றுள் 'வி' என்னும் புரதம் இரு வேலைகளைப் பார்க்கிறது. எம்டிஏ-5 உணர்வியைப் பற்றிக்கொண்டு அதன் வாயை அடைப்பது ஒன்று. ஸ்டாட் தூதுவரை உட்கருவிற்கு வெளியிலேயே பிடித்து வைப்பது மற்றொன்று. 'டபிள்யூ' என்னும் புரதமோ, உட்கருவிற்குள் சென்றுவிட்ட தூதுவரை அங்கேயே செயலற்றவராக முடக்குகிறது. ஆக, ஜாகாவின் வாயும் கட்டப்படுகிறது. லயத்து மக்களின் காதும் அடைக்கப்படுகிறது.

அத்தோடு, நிபா நுழைவதற்குப் பயன்படுத்தும் கதவு, இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் நிறைந்துள்ளது. எனவேதான் அந்நோய் மூளையை எட்டிற்று. போலீஸ் படை திரண்டு வருவதற்குள் வீடு எரிந்துவிட்டது. பிழைத்தவர்களிலும் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கடந்தபின் மூளை அழற்சி மீண்டும் தோன்றியது.

2018ஆம் ஆண்டு மே மாதம், தமிழகத்தின் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் அதே நோய் தலைகாட்டியது. ஆய்வில் உறுதி செய்யப்பட்ட 18 நோயாளிகளில் இருவர் மட்டுமே பிழைத்ததாகக் கேரள அரசு அறிவித்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினி புதுசேரியும் அந்நோய்க்கு இரையானார். அதன்பிறகும் அம்மாநிலத்தில் நிபா அவ்வப்போது தோன்றி வருகிறது. இந்நோய்க்கு மனிதருக்கென ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கும் பணி 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று.

வௌவால் கற்பிக்கும் பாடம்

நிபா எங்கிருந்து வந்தது? ஜொகூரின் மெர்சிங் துறையிலிருந்து படகேறிச் செல்லும் தியோமான் தீவில், பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரை டாக்டர் சுவா குழுவினர் திரட்டி ஆராய்ந்தனர். நிபா நச்சுயிரி அதில் உயிரோடு கிடைத்தது. பண்ணைகளின் அருகே பழமரங்கள் வளர்ந்திருந்தன. வௌவால்கள் பழத்தைக் கடித்து மிச்சத்தைக் கீழே போட்டன. பன்றிகள் அதனை உண்டன. பன்றிகளிடமிருந்து மனிதருக்கு நோய் வந்தது என்பதே அறிஞர்களின் முடிவு.

மனிதரைக் கொல்லும் நச்சுயிரி வௌவாலை ஏன் கொல்வதில்லை? ஆஸ்திரேலியாவின் கருநிறப் பழந்தின்னி வௌவாலை ஆராய்ந்த அறிஞர்கள், அதன் உடலில் ஒருவகை இன்டர்பெரான் நோயில்லாத காலத்திலும் இடைவிடாமல் சுரப்பதை 2016ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதாவது, அதன் ஜாகா எப்பொழுதும் விழித்திருக்கிறார். சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபா குழுவினர் 2019ஆம் ஆண்டு இன்னொன்றையும் கண்டனர். உடலில் அழற்சியை மூட்டும் ஒரு முக்கியமான விசை வௌவாலிடம் தணிவாகவே செயற்படுகிறது. காவல் விழிப்பாக இருக்கிறது. ஆனால் திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்துவதில்லை.

மனிதரிடம் இவ்விரண்டும் தவறிப்போவதைக் கோவிட் காலம் காட்டியது. உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் இரத்தத்தில் தம் சொந்த இன்டர்பெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் இருந்ததாக, 2020ஆம் ஆண்டு ஜான்-லோரான் கசனோவா குழுவினர் கண்டறிந்தனர். குரல் எழ வேண்டிய தொடக்க நாள்களில் குரல் எழவில்லை. மற்றொரு புறம், பிந்திய நாள்களில் எல்லை மீறிய அழற்சி பலரின் நுரையீரலைக் கெடுத்தது. அந்நிலையில் அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகப் பிரிட்டனின் ஆய்வு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தது. அதே மருந்து, உயிர்வளி தேவைப்படாத தொடக்க நிலை நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை. காவலை அடக்குவதற்கும் ஒரு காலம் உண்டு. காலமறியாது அடக்கினால் தீங்கே மிஞ்சும்.

இல்லங்களில் செய்யத் தக்கவை

இவற்றால் லாயாங் லாயாங் வட்டாரத்து இல்லங்களுக்கு விளங்கும் பாடங்கள் சில உண்டு.

முதலாவது, டிங்கிக் காய்ச்சல் பற்றியது. டிங்கி நச்சுயிரியும் ஸ்டாட் தூதுவர்களில் ஒருவரை அழித்து, அபாயக் குரலை மங்கச் செய்கிறது. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூச்சாடித் தட்டிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் அளவே போதும். எனவே, வாரம் ஒருமுறை அந்நீரைக் கொட்டிவிடுதல் வேண்டும். திருவிழா முடிந்தபின் ஆலய வளாகத்தில் கிடக்கும் குவளைகளையும் இளநீர் ஓடுகளையும் அன்றே அப்புறப்படுத்துவது அனைவர் கடமையுமாகும்.

டிங்கியில் காய்ச்சல் தணியும் நாளே ஆபத்தான நாளாக அமையலாம் என்பதை மறத்தலாகாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, அளவு கடந்த சோர்வு ஆகியவை தோன்றினால், காய்ச்சல் இல்லையென்று எண்ணி வீட்டில் படுத்திருத்தல் கூடாது. உடனே அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ மருத்துவமனையையோ நாடுதல் வேண்டும். டிங்கி என்னும் ஐயமிருப்பின் ஆஸ்பிரின், ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும்.

இரண்டாவது, சாதாரண சளிக்காய்ச்சலுக்கு 'ஆன்டிபயாட்டிக்' மருந்தை வற்புறுத்திக் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அம்மருந்து பாக்டீரியாவைக் கொல்லும், நச்சுயிரியைத் தொடாது. தேவையின்றி உண்பதால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுவதே மிச்சம்.

மூன்றாவது, மரத்தடியில் விழுந்து கிடக்கும், வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை உண்ணலாகாது. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கலாகாது. அதற்காக வௌவாலை வேட்டையாடுவதும் அறியாமையே. தியோமான் தீவில் நிகழ்ந்த ஆய்வொன்று, டுரியான் பூக்களில் தேன் உண்ண வரும் பழந்தின்னி வௌவால்கள் மகரந்தத்தைச் சுமந்து சென்று காய்ப்பை மிகுவிப்பதாக 2017ஆம் ஆண்டு காட்டியது. பருவந்தோறும் விரும்பி உண்ணும் டுரியானில் வௌவாலின் உழைப்பும் கலந்துள்ளது. அதன் காட்டை அழித்து அதனை வீட்டருகே வரவழைத்தவர்களே மனிதர்கள்.

நான்காவது, தடுப்பாற்றலை ஒரே வாரத்தில் பெருக்குவதாக விளம்பரம் செய்யப்படும் விலையுயர்ந்த பானங்களையும் மாத்திரைகளையும் நம்பி, உழைத்த பணத்தை இழக்க வேண்டாம். காவல் மிகுந்தாலும் ஆபத்து என்பதே மேலே கண்ட உண்மை. போதிய உறக்கம், அளவான சத்துணவு, நாள்தோறும் நடைப்பயிற்சி, புகை தவிர்த்தல், நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்தல், சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகியவையே ஜாகாவை நல்ல நிலையில் வைத்திருக்கும். குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவது, அவருக்குத் துணையாகப் போலீஸ் படையை முன்கூட்டியே நிறுத்தி வைப்பதற்கு ஒப்பாகும்.

அன்பர்களே! சுங்கை நிப்பாவில் மாண்டவர்கள் குடும்பத்தைக் காப்பதற்காக அதிகாலையில் எழுந்து பண்ணைக்குச் சென்ற உழைப்பாளிகள். நோயின் பெயர் தெரியாமலேயே அவர்களில் பலர் கண்மூடினர். தடுப்பூசியும் கொசுப்புகையும் பயன் தரவில்லையே என்று ஐயுற்று, மீண்டும் ஆராய்ந்த ஒருவரின் விழிப்பே, மேலும் பலர் மாளாமல் தடுத்தது. உடலுக்குள் இருக்கும் காவலுக்கும் ஊருக்குள் இருக்கும் காவலுக்கும் நியதி ஒன்றே: தகாதது எதுவென அறிதல், காலத்தே குரல் எழுப்புதல், குரல் கேட்டவர் அசட்டையாக இராமல் எழுந்து நிற்றல். அண்டை வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்க் கிடந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முதற்குரல், விழாவிற்கு வந்திருக்கும் ஒவ்வொருவரின் குரலாக இருத்தல் வேண்டும்.

திருவிழாவிற்கு வருகை தந்துள்ள குடும்பங்கள் யாவும் நோயற்ற வாழ்வு பெற்று, அடுத்த ஆண்டும் இதே முற்றத்தில் ஒருவரும் குறையாது கூடி மகிழ்க.